தொப்பிப் பெட்டி கேக்: லோ கார்ப் டயட்டின் வீட்டு வரலாறு

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு சாப்பாட்டு வரலாறு. ஆனா ராஜாக்கள் என்ன சாப்பிட்டாங்க, மிளகாய் எப்போ வந்தது மாதிரியான கதை இல்லை. எங்க வீட்டு அடுப்படியில் ஆரம்பிச்ச ஒரு கேள்வி, என்னை நூற்று அறுபது வருஷம் பின்னாடி கொண்டுபோய் விட்டது. அதைத்தான் சொல்லப் போறேன்.

இரண்டு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு மூன்று மாத சராசரி சர்க்கரை 9.2 வந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டு, "சோறைக் குறைச்சுக்கங்க" என்றார். நான் ரெண்டு வாரம் யூடியூப் பார்த்து, அதை லோ கார்ப் டயட்டாக மாற்றினேன். கேட்கிற சொந்தக்காரங்க எல்லாரிடமும் "அப்பா லோ கார்ப்ல இருக்கார்" என்று பெருமையாகச் சொல்லுவேன்.

வீட்டில் நடந்தது வேற. காலையில் பாட்டிக்கு இட்லி, அப்பாவுக்கு முட்டை. மதியம் எல்லாருக்கும் சோறு, அப்பாவுக்கு மட்டும் துருவின காலிபிளவர். ராத்திரி எனக்கு சப்பாத்தி, அப்பாவுக்கு பனீர். டயட்டில் இருந்தது ஒருத்தர். மூன்று தடவை மூன்று விதமாகச் சமைச்சது அம்மா. ஒருநாள் அம்மா கேட்டாங்க: "இந்த டயட்டைக் கண்டுபிடிச்சவன் வீட்டில் யாருடா சமைச்சா?"

சும்மா எரிச்சலில் கேட்டதுதான். ஆனா பதில் என்னிடம் இல்லை. தேட ஆரம்பிச்சேன்.

புட்டிங்கில் இருந்து பழம் மட்டும்

லோ கார்ப் டயட்டை உலகம் முழுக்கப் பரப்பினவர் டாக்டர் இல்லை. லண்டன்காரர், பெயர் வில்லியம் பான்டிங். குடும்பத் தொழில் இறுதிச் சடங்கு ஏற்பாடு. சாதாரண ஏற்பாடும் இல்லை, அரச குடும்பத்துக்கே செய்தவர்கள். 1852-இல் வெலிங்டன் பிரபு இறந்தபோது அந்த ஊர்வலத்துக்குப் பின்னாடி இருந்தது இவங்க நிறுவனம்தான்.

1862-இல் பான்டிங்குக்கு 65 வயசு தாண்டியிருந்தது. உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 202 பவுண்டு. அதாவது 91 கிலோவுக்கு மேல. குனிஞ்சு ஷூ கயிறு கட்ட முடியாது. முழங்கால் வலியால் மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பித்தான் மெதுவா இறங்குவார். படகு வலித்துப் பார்த்தார், பசிதான் அதிகமாச்சு. கடல் குளியல், நீராவிக் குளியல் எல்லாம் பார்த்தாச்சு. கடைசியில் காது கேட்கவில்லை என்று வில்லியம் ஹார்வி என்ற காது டாக்டரிடம் போனார். ஹார்வி அதுக்கு முன்னாடி பாரிசில் கிளாட் பெர்னார் என்ற விஞ்ஞானியின் பேச்சைக் கேட்டவர். கல்லீரலுக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பு பற்றிய பேச்சு அது. அவர் பான்டிங்கிடம் சொன்னது: ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு, இதையெல்லாம் விடு.

ஒரு வருஷத்தில் 46 பவுண்டு, கிட்டத்தட்ட 21 கிலோ குறைஞ்சது. 1863-இல் சொந்தச் செலவில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அது எப்படிப் பரவியது என்றால், ஆங்கிலத்தில் டயட் இருப்பதையே அவர் பெயரால் 'பான்டிங்' என்று சொன்னாங்க. ஸ்வீடிஷ் மொழியில் இன்னைக்கும் 'பான்டா' என்றால் எடை குறைக்கச் சாப்பாட்டைக் குறைப்பது.

அவருடைய சாப்பாட்டுப் பட்டியல் படிக்க ரொம்ப சுவாரசியம். காலையில் மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ மீனோ நாலைந்து அவுன்ஸ். பால் சர்க்கரை இல்லாத டீ. மதியம் திரும்ப இறைச்சி, கூடவே ரெண்டு மூணு கிளாஸ் ஒயின். ராத்திரி தேவைப்பட்டால் சர்க்கரை சேர்க்காத ஜின்னோ விஸ்கியோ. இதைப் படிச்சுக் காட்டினப்போ அப்பா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே பக்கத்தைத் திருப்பிட்டேன்.

ஆனா நான் நின்ன இடம் வேற. மதிய உணவில் ஒரு வரி இருக்கு: எந்தப் புட்டிங்காக இருந்தாலும் அதிலிருக்கும் பழம் மட்டும்.

யோசிச்சுப் பாருங்க. பழம் மட்டும் எடுக்கணும்னா, மேசையில் முழுப் புட்டிங் இருந்திருக்கணும். மாவும் சர்க்கரையும் போட்டு ஒருத்தர் செய்திருக்கணும், மத்தவங்க அதைச் சாப்பிட்டிருக்கணும். அவுன்ஸ் கணக்கு இருக்கிற அந்தப் பட்டியலில், சமைத்தது யார் என்பது மட்டும் இல்லை. அம்மா கேள்விக்கு எனக்குக் கிடைச்ச முதல் பதில் இந்த வெற்றிடம்தான்.

கேனரிக் கூண்டில் இருந்த தானியம்

பான்டிங்குக்கு டயட் ஒரு விருப்பம். பிடிக்கலைன்னா விட்டிருக்கலாம். அடுத்த கதையில் இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பே கிடையாது.

இன்சுலின் வருவதற்கு முன்னாடி, குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய்க்கு வைத்தியமே இல்லை. 1914 வாக்கில் இருந்து அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன் என்ற டாக்டர் ஒரு வழி வைத்திருந்தார். உடம்பால் சர்க்கரையைப் பயன்படுத்த முடியலைன்னா, அதைக் கொடுக்காதே. முதலில் பட்டினி. சிறுநீரில் சர்க்கரை நின்றதும், கொஞ்சம் கொஞ்சமா சாப்பாடு. மாவுச்சத்து மிகக் குறைவு, மொத்த அளவும் குறைவு. காய்கறியைக்கூட மூன்று தடவை வேகவைத்து, ஒவ்வொரு தடவையும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுப்பாங்க, மிச்சம் இருக்கிற மாவுச்சத்தும் போகட்டும்னு. இது குணப்படுத்தாது. சில மாதமோ சில வருஷமோ கூடுதலாக உயிரோடு வைத்திருக்கும், அவ்வளவுதான்.

இதை வீட்டில் செய்யணும்னா அடுப்படியில் ஒரு தராசு வேணும். கூடவே பெனடிக்ட் கரைசல் வேணும். பிளஸ் டூ லேபில் செய்திருப்பீங்களே, நீலக் கரைசலில் ஊற்றிச் சூடு பண்ணினால் சர்க்கரை இருந்தால் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று மாறுமே, அதேதான். அதில் குழந்தையின் சிறுநீரை ஊற்றிச் சூடாக்கி, இன்னைக்கு என்ன நிறம் வருது என்று பார்த்துத்தான் அடுத்த வேளைச் சாப்பாடு.

ஆலன் பதிவு செய்த ஒரு பையனின் கதை இருக்கு. 12 வயசு. நோயால் கண் பார்வை போய், எழுந்து நடக்கவே தெம்பில்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்தான். கணக்காகத்தான் சாப்பாடு கொடுக்கிறாங்க, ஆனாலும் சோதனையில் சர்க்கரை வந்துட்டே இருந்தது. எப்படின்னு யாருக்கும் புரியலை. கடைசியில் தெரிஞ்சது: பையன் டூத்பேஸ்ட்டைச் சாப்பிட்டிருக்கான். ஆசைப்பட்டுக் கேட்டான்னு வாங்கிக் கொடுத்த கேனரிப் பறவையின் கூண்டில் கைவிட்டு, பறவைக்குப் போட்ட தானியத்தையும் சாப்பிட்டிருக்கான்.

இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. காரணத்தைச் சொல்லிடறேன்.

அப்பாவின் சர்க்கரை அளவுகளை நான் ஒரு எக்செல் ஷீட்டில் போட்டு வைப்பேன். கிராஃப் எல்லாம் உண்டு. அதில் பல நாள் சாயங்காலம் ஒரு ஏற்றம் தெரிஞ்சது. ஆபீசில் சர்வர் விழுந்தால் எப்படிக் காரணம் தேடுவோமோ, அப்படித் தேடினேன். மளிகை அலமாரியில் புளி டப்பாவுக்குப் பின்னாடி ஒரு முறுக்குப் பொட்டலம். கூடத்துக்கு எடுத்துட்டு வந்து, பாட்டி, அம்மா முன்னாடி வைத்து, "என்னப்பா இது?" என்று கேட்டேன். 61 வயசு மனுஷன். ஒன்னும் பேசலை. மறுநாள் முதல் எனக்கு அளவு சொல்வதையும் நிறுத்திட்டார்.

ஹியூஸ் வீட்டு எலிசபெத்

அமெரிக்க அரசியல்வாதி சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ், 1916-இல் அதிபர் தேர்தலில் நின்று தோற்றவர். 1921-இல் வெளியுறவு அமைச்சர் ஆனார். அவர் மகள் எலிசபெத்துக்கு 1919-இல், 11 வயசில், சர்க்கரை நோய் என்று தெரிஞ்சது. ஆலனிடம்தான் கூட்டிப் போனாங்க. கூடவே இருக்க ஒரு நர்ஸ். ஒவ்வொரு வேளையும் நிறுத்துப் பார்த்த சாப்பாடு.

அந்த வீட்டுக்காரங்க என்ன பண்ணினாங்க என்பதுதான் எனக்கு முக்கியம். குடும்பமா வெளியே போய் சமைச்சுச் சாப்பிடும்போது மத்தவங்களுக்கு இறைச்சி, சோளக்கதிர், தர்பூசணி. எலிசபெத்துக்குத் தனியா ஒரு குட்டி வாணலி, அதில் அவளே ஆம்லெட் போட்டுக்குவா. பிறந்தநாளுக்கு கேக் வெட்ட முடியாது. ஒரு தொப்பிப் பெட்டியில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமா காகிதம் ஒட்டி, மேல மெழுகுவத்தி ஏத்தி வச்சாங்க. அதுதான் கேக்.

அந்தப் பெட்டியால் பசி அடங்காது. ஆனா மெழுகுவத்தி ஊதும்போது அந்தப் பொண்ணு தனி ஆள் இல்லை. டயட்டை மாற்ற அவங்களால் முடியலை, பந்தியை விட்டு அவளை எழுப்பாமல் இருக்க முடிஞ்சது.

1922 ஜனவரியில் டொரன்டோவில் 14 வயசு லெனார்ட் தாம்சனுக்கு முதன்முதலா இன்சுலின் போட்டாங்க. இன்சுலினைக் கண்டுபிடித்த குழுவில் முக்கியமானவர் பெயர் ஃபிரெடரிக் பான்டிங். ஆமா, இவரும் பான்டிங்தான். ஒரு பான்டிங் ரொட்டியை விடச் சொன்னார், இன்னொரு பான்டிங் ரொட்டியைத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஆகஸ்டில், 15-ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்னாடி, எலிசபெத்துக்கு முதல் ஊசி. அப்போது எடை 45 பவுண்டு, சுமார் 20 கிலோ. சில வாரத்திலேயே ரொட்டி சாப்பிட ஆரம்பிச்சுட்டா. கல்யாணம் ஆகி, மூன்று பிள்ளைகள் பெற்று, 1981-இல் 73 வயசில்தான் இறந்தார்.

தொட்டுக்க

இன்சுலினும் மாத்திரையும் வந்த பிறகு லோ கார்ப் உயிர் காக்கும் கடைசி வழியாக இல்லை. 1972-இல் ராபர்ட் அட்கின்ஸ் புத்தகம் அதை எடை குறைப்புக்காகத் திரும்பப் பிரபலம் ஆக்கியது. தமிழில் ஃபேஸ்புக் குழுக்கள் வழியா 'பேலியோ' வந்தது. நம்ம சொந்தத்தில் ஒரு மாமாவாவது வெண்ணெய் போட்ட காபி குடிச்சிருப்பார்.

ஆனா இங்கே ஒரு வித்தியாசம் இருக்கு. பான்டிங் மேசையில் ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் எடுத்தால் நடுவில் இறைச்சி அப்படியே இருக்கும். நம்ம தட்டில் சோறுதான் நடு. மத்த எல்லாத்துக்கும் நாம வச்ச பேரே 'தொட்டுக்க'. சோறை எடுத்துட்டால் சாம்பாரை எதில் ஊத்துறது? இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்து வருது என்கிறது ஐ.சி.எம்.ஆர். நடத்திய பெரிய ஆய்வு. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல என்று சொன்னதும் அதே ஆய்வுதான். அதனால் நம்ம வீட்டில் லோ கார்ப் என்றால் ஒரு பண்டத்தை விடுவது மட்டும் இல்லை. ஒரு முழு இரண்டாவது சமையல்.

என் தப்பு இன்னொன்னும் சொல்லணும், யாராவது செய்துடக் கூடாது. டாக்டர் குறைக்கச் சொன்னார், நான் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் ஆக்கினேன். மாத்திரை அதே அளவு. ரெண்டாவது வாரம் அப்பாவுக்கு வியர்த்து, கை நடுங்கி, அளவு 58. சர்க்கரைத் தண்ணி கொடுத்துச் சமாளிச்சோம். டாக்டர் என்னைத்தான் திட்டினார், மாத்திரையைக் குறைத்தார். மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க டாக்டரிடம் சொல்லாமல் மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டாதீங்க.

அப்பாவுக்கு இப்போ 7.1. நல்ல செய்தி. ஆனா போன வருஷம் அம்மாவுக்குப் பார்த்தோம், 6.3. சர்க்கரை நோய்க்கு முந்தின கட்டம். டாக்டர் என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டார். எல்லாருக்கும் பரிமாறி முடிஞ்சு, மூன்று மணிக்கு நின்னுட்டே, மிஞ்சின சோறும் பாட்டி வச்ச இட்லியும். வீணாகக் கூடாதேன்னு. அப்பா விட்ட சோறு எங்கே போச்சுன்னு என் எக்செல் ஷீட்டில் ஒரு காலம்கூட இல்லை. அம்மாவுக்கு யாரும் காலிபிளவர் துருவலை.

இப்போ எங்க வீட்டில் ஒரே சமையல். பொரியல், கூட்டு, முட்டை அல்லது மீன் எல்லாருக்கும் நிறைய. சோறு ஒரு கரண்டிக் கணக்கு, அதுவும் எல்லாருக்கும். கூட வேணும்னா பாட்டி மட்டும் கேட்கலாம், அவங்களுக்கு 84. சாயங்காலம் ஆளுக்கு ஒரு முறுக்கு, கூடத்தில் உட்கார்ந்து. திருச்சிக்குப் போகிற சனி, ஞாயிறு நான் சமைக்கிறேன். காலிபிளவர் துருவினால் தோள் எப்படி வலிக்கும்னு இப்போதான் தெரியுது. அம்மாவுடைய அளவு இன்னும் இறங்கலை. அடுத்த மாசம் திரும்பப் பார்க்கணும்.

உங்க வீட்டிலும் யாராவது டயட்டில் இருந்தால், அவங்க அளவை மட்டும் கேட்காதீங்க. சமைக்கிறவங்க எத்தனை மணிக்கு, என்ன சாப்பிடுறாங்கன்னு இன்னைக்கு ஒருதடவை கேட்டுப் பாருங்க.