சம்பளமில்லாத நேரக்காப்பாளர்கள்

ஊசலை ஆட்டிவிட்டு, ஸ்டாப் வாட்சோடு இருபது அலைவு எண்ணி 'ஜி' கண்டுபிடித்த பிராக்டிகல் வகுப்பு யாருக்கு மறக்கும்? எண்ணிக்கை விட்டுப்போச்சுன்னா மறுபடி முதலிலிருந்து! அதே ஊசலைப் பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்காகவே பிடித்துக்கொண்டவர்களும் உண்டு.

வில்லியம் ஹாமில்டன் ஷார்ட் இங்கிலாந்தில் ரயில்வே இன்ஜினியர். காற்று நீக்கிய செம்பு உருளைக்குள் ஓர் ஊசலைத் தொங்கவிட்டார். முள் ஓட்டும் வேலையெல்லாம் வெளியே உள்ள இன்னொரு கடிகாரத்துக்கு. 1921-இல் எடின்பரோ வானாய்வகத்தில் அதைப் பொருத்தினார்கள். ஆண்டுக்குச் சுமார் ஒரு வினாடிதான் பிசகும்!

அதில் மூன்றை வாங்கியவர் ஆல்ஃபிரட் லூமிஸ். வால் ஸ்ட்ரீட் பாங்கர். டக்சீடோ பார்க்கில் சொந்த லேப். பெல் ஆய்வகத்துக் குவார்ட்ஸ் கடிகாரத்தின் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியே வரவழைத்து, ஊசலோடு ஒப்பிட்டார். ஊசல் புவியீர்ப்பை நம்பி ஆடுவது. குவார்ட்ஸுக்கு அந்தக் கவலை கிடையாது. 1931-இல் பிரௌன், பிரௌவர் என்ற வானியலார்கள் அந்தப் பதிவுகளை அலசினார்கள். வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசம், சந்திரனோடு சேர்ந்து ஏறி இறங்கியது. கடலை இழுக்கும் நிலா கடிகாரத்தையும் விட்டுவைக்கவில்லை!

2005-இல் ஓர் அமெரிக்க அன்பர் மூன்று சீசியம் கடிகாரங்களை வேனில் ஏற்றி, பிள்ளைகளோடு ரெய்னியர் மலையில் இரண்டு நாள் தங்கினார். உயரத்தில் காலம் வேகமாக ஓடும் என்றார் ஐன்ஸ்டைன். திரும்பி வந்து பார்த்தால், வீட்டுக் கடிகாரங்களைவிடச் சுமார் 22 நானோ வினாடி முந்தியிருந்தன!

"ரிட்டயர் ஆயாச்சு, இனி என்னப்பா?" என்று கேட்கும் நண்பர்களே, இவர்கள் யாருக்கும் இது உத்தியோகம் இல்லை. சின்ன வித்தியாசத்தைக்கூட "போகட்டும்" என்று விடாத பிடிவாதம்தான் அவர்கள் முதல். அது நம்மிடமும் இருக்குமே!