ஜமாத்திலிருந்து நூலகம் வரை

வீட்டிலிருந்து அடித்துத் துரத்தப்பட்ட திருநங்கைப் பிள்ளைக்குத் தமிழகத்தில் முதலில் கதவைத் திறந்தது அரசு விடுதி அல்ல, திருநங்கையரின் சமூக அமைப்பான ஜமாத். மூத்த திருநங்கை ஒருவர் அந்தப் பிள்ளையை மகளாக ஏற்றுக்கொள்வார். அன்றிலிருந்து அவர் அம்மா. அந்த அம்மாவை வளர்த்தவர் நானி, அதாவது பாட்டி. கூட இருப்பவர்கள் அக்கா தங்கைகள். பாலின மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து வரும் மகளை 40 நாள் வைத்துப் பார்ப்பதும் இந்த அம்மாதான். வெந்நீர் ஊற்றுவார், பத்தியம் பார்த்துச் சமைப்பார், முகம் பார்க்கக் கண்ணாடிகூடக் கொடுக்க மாட்டார். நாற்பதாம் நாள் மஞ்சள் பூசி, புதுப்புடவை உடுத்தி, பால் ஊற்றும் சடங்கு நடக்கும்.

புகலிடம் கிடைத்தது. பிழைப்புக்குத்தான் வழியில்லை. பாதியில் படிப்பை விட்டவர்களுக்கு வேலை தர யாரும் முன்வராததால், கைதட்டிக் கடைகளில் காசு கேட்பதும் (கடை கேட்பது என்பார்கள்) பாலியல் தொழிலுமே மிஞ்சின.

இந்த நிலையை உடைக்க அவர்களே பேனாவைக் கையில் எடுத்தார்கள். சு.சமுத்திரத்தின் 'வாடாமல்லி' நாவலைப் படித்ததுதான் தன்னை மாற்றியது என்று சொல்லிவரும் பிரியா பாபு, 2004-ல் வாக்குரிமை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனார். ரேவதி சக திருநங்கையரின் வாழ்க்கையைக் கேட்டுத் தொகுத்து 'உணர்வும் உருவமும்' நூலாக்கினார். லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' 2007-ல் வந்தது. மறு ஆண்டு கல்கி சுப்ரமணியம் 'சகோதரி' என்ற அமைப்பைத் தொடங்கினார். கேமரா பிடிக்கவும் தங்கள் கதையைத் தாங்களே படமாக்கவும் அங்கே திருநங்கையர் கற்றுக்கொண்டார்கள்.

2008 ஏப்ரல் 15 அன்று தமிழக அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. இந்தியாவில் அதுவே முதல். அந்த நாளையே தமிழகம் திருநங்கையர் தினமாகக் கொண்டாடுகிறது.

வாரியம் வந்த பிறகும் ஒவ்வொரு படியையும் போராடித்தான் ஏற வேண்டியிருந்தது. காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கான விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டபோது பிரித்திகா யாஷினி நீதிமன்றம் சென்றார். 2015-ல் சாதகமான தீர்ப்பு கிடைத்தது, 2017-ல் பணியில் சேர்ந்தார். பொறியியல் கல்லூரியில் இடம்பிடித்த கிரேஸ் பானு, தன் படிப்போடு நிற்கவில்லை. கோவில்பட்டி அருகே மந்தித்தோப்பில் திருநங்கையர் குடியிருப்பும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும் உருவானதில் அவருடைய உழைப்பு பெரிது. கடை கேட்டவர்கள் அங்கே கறவை மாடு வளர்க்கிறார்கள்.

மதுரையில் பிரியா பாபு நடத்தும் வள மையத்தில், திருநங்கையர் எழுதியவையும் அவர்களைப் பற்றி எழுதப்பட்டவையும் நூலகமாகச் சேர்ந்திருக்கின்றன. ஆய்வு மாணவர்கள் அங்கே வந்து படிக்கிறார்கள்.

உயர்கல்வி படிக்கும் திருநங்கையரின் செலவு முழுவதையும் ஏற்பதாக 2024 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் எட்டாம் வகுப்பிலேயே கேலி தாங்காமல் நின்றுவிடும் பிள்ளை கல்லூரி வாசலுக்கு எப்படி வரும்? ஒவ்வொரு பள்ளியும் ஆசிரியர் பயிற்சிக்குத் திருநங்கையரையே அழைத்துப் பேசவைக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.