வீட்டில் வளர்ந்த சிவிங்கிப்புலி

சிவிங்கிப்புலி இந்தியாவில் பல நூற்றாண்டுகள் வேட்டைத் துணையாகவும் வளர்ப்பு விலங்காகவும் பேணப்பட்ட பெரிய பூனையினம். வேட்டைச் சிறுத்தை, சீட்டா என்றும் அழைக்கப்படும். சிங்கம், புலி போல இது கர்ஜிப்பதில்லை. வீட்டுப் பூனையைப் போலக் குறுகுறுவென ஒலியெழுப்பும். மனிதரிடம் எளிதில் பழகும். இதைக் கட்டிவைத்து வளர்ப்பதா, திறந்தவெளியில் ஓடவிடுவதா என்ற கேள்வி வளர்த்தவர்கள் முன் பலமுறை எழுந்தது. அதற்குக் கிடைத்த விடைகளே இவ்விலங்கு இந்தியாவில் அழிந்த கதையின் ஒரு பகுதி.

சீயமும் சிவிங்கியும்

செஞ்சிக்கும் வந்தவாசிக்கும் இடையில் உள்ளது சீயமங்கலம். முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த அவனிபாஜன பல்லவேசுவரம் என்னும் குடைவரைக் கோயில் இங்குள்ளது. ஊர்ப்பெயரில் உள்ள 'சீயம்' சிங்கத்தைக் குறிக்கும் சொல். ஆனால் தமிழ்நாட்டில் சிங்கம் சிற்பத்திலும் கொடியிலும் அறியப்பட்ட விலங்கே; அது இங்குள்ள காடுகளில் வாழ்ந்ததில்லை. தென்னிந்தியச் சமவெளிகளில் உண்மையில் வாழ்ந்த பெரிய பூனைகளில் ஒன்று சிவிங்கிப்புலி. புதர்க்காடும் புல்வெளியும் அதன் இடம். வெளிமான் அதன் முதன்மையான இரை.

செஞ்சிப் பகுதியின் அரசியலோடு ஒரு சிவிங்கிப்புலியின் கதை இணைகிறது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1761 ஜனவரியில் புதுச்சேரியும், ஏப்ரலில் செஞ்சிக் கோட்டையும் ஆங்கிலேயர் வசமாயின. அப்போது சென்னையின் ஆளுநராக இருந்தவர் ஜார்ஜ் பிகாட். பதவி முடிந்து இங்கிலாந்து திரும்பிய அவர் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு ஒரு சிவிங்கிப்புலியைப் பரிசளித்தார்.

1764 ஜூனில் விண்ட்சர் பூங்காவில் வலைகளால் அடைத்த களத்தில் அது ஒரு கலைமான்மீது ஏவப்பட்டது. மான் கொம்புகளால் எதிர்த்து அதை விரட்டியது. பின்னர் அது வலையைத் தாண்டி அருகிலிருந்த மரச்செறிவுக்குள் ஓடி, அங்கே வேறொரு மானைத் தானாகவே கொன்றது. ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் இந்த விலங்கை இரண்டு இந்தியப் பராமரிப்பாளர்களுடன் வரைந்தார். ஓவியம் இப்போது மான்செஸ்டர் கலைக்கூடத்தில் உள்ளது. அடைத்த களத்தில் தோற்ற விலங்கு திறந்த இடத்தில் வென்றது என்பதே இந்நிகழ்வில் கவனிக்கத்தக்கது.

வளர்ப்பு முறை

பிடிபட்ட சிவிங்கிப்புலியின் கண்களைத் தோல் மூடியால் மறைத்து, கயிற்றுக் கட்டிலில் கட்டிவைப்பர். ஓசைக்கும் கூட்டத்துக்கும் பழகுவதற்காக மக்கள் நடமாடும் இடத்தில் வைப்பர். கடைத்தெரு வழியே நடத்திச் செல்வர். வேட்டை நாளில் மாட்டு வண்டியில் ஏற்றிச் செல்வர். வண்டியைக் கண்டு வெளிமான்கள் மிரளாததால் மந்தையின் அருகே செல்ல முடிந்தது. மூடியை அகற்றியதும் அது பாயும். இரையைப் பிடித்தபின் ஒரு பங்கு இறைச்சி கொடுத்து மீண்டும் கண்ணை மூடுவர்.

வீட்டில் குட்டியிலிருந்தே வளர்ந்தது நல்ல வேட்டை விலங்காகாது என்பது வேட்டைக்காரர்களின் கருத்து. தாயிடம் வேட்டை கற்ற வளர்ந்த விலங்கையே அவர்கள் விரும்பினர். எனவே ஒவ்வொரு விலங்கும் காட்டிலிருந்தே வரவேண்டியிருந்தது.

ஜெர்டனின் குட்டி

சென்னை மாகாணப் படையின் மருத்துவரும் இயற்கையியலாளருமான டி. சி. ஜெர்டன் 1867-ல் வெளியிட்ட இந்தியப் பாலூட்டிகள் பற்றிய நூலில் தான் வளர்த்த குட்டியைப் பற்றி எழுதியுள்ளார். வேட்டைநாய்க் குட்டிகளுடன் வளர்ந்த அதற்கு 'பில்லி' என்று பெயர். பெயரைச் சொன்னால் அறிந்துகொள்ளும். அவர் குதிரையில் செல்லும்போது பின்னால் ஓடிவரும். உயரமான இடத்தில் ஏறி நாற்புறமும் பார்க்கும்.

வளர வளர வளாகத்தில் இருந்த ஆடுகளைத் தாக்கியது. சவுக்கடி அப்பழக்கத்தை நிறுத்தியது. அடுத்துக் கழுதைகள்மீது பாய்ந்து உதை வாங்கியது. பின்னர் ஒரு வளர்ப்பு நீலமானின் கால்களைக் கடித்துக் குதறியது. அன்பாகப் பழகிய விலங்கிடமும் ஓடுவதைத் துரத்தும் இயல்பு மாறவில்லை.

கழற்றிய கழுத்துப்பட்டை

அடைத்து வளர்ப்பதன் பெருங்குறை இனப்பெருக்கத்தில் வெளிப்பட்டது. தன் தந்தை அக்பர் ஒரு காலத்தில் 1,000 சிவிங்கிப்புலிகளைச் சேர்த்திருந்ததாக ஜகாங்கீர் தம் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். அவை இணைசேர வேண்டும் என்று அக்பர் விரும்பினார். தோட்டங்களில் ஆணையும் பெண்ணையும் சேர்த்து விட்டும் பயனில்லை. பின்னர், 1613 வாக்கில், ஓர் ஆண் விலங்கு கழுத்துப்பட்டையிலிருந்து நழுவித் தானே ஒரு பெண்ணிடம் சென்றது. இரண்டரை மாதத்தில் மூன்று குட்டிகள் பிறந்தன. அடைப்பில் மீண்டும் குட்டிகள் பிறந்ததாக உறுதியாக அறியப்படுவது 1956-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா விலங்கியல் பூங்காவில்தான்.

பெண் சிவிங்கிப்புலி பரந்த நிலப்பரப்பில் தனித்துத் திரியும். இணையைத் தானே தேர்ந்துகொள்ளும். அருகருகே கட்டிவைத்த விலங்குகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அழிவும் மீள்வரவும்

பிடிப்பது தொடர்ந்தது, பிறப்பு நிகழவில்லை. புல்வெளிகள் வயல்களாயின, வெளிமான்கள் குறைந்தன, துப்பாக்கி பரவியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமஸ்தானங்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சிவிங்கிப்புலிகளை வாங்கத் தொடங்கின. 1947 வாக்கில் கொரியா சமஸ்தானத்தில் மூன்று விலங்குகள் சுடப்பட்டன. அன்றைய சென்னை மாநிலத்தின் சித்தூர் மாவட்டத்தில் ஒன்று காணப்பட்டதாக 1952-ல் ஒரு குறிப்பு வெளியானது. அதே ஆண்டில் இவ்விலங்கு இந்தியாவில் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. இன்று 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதைத் தனியார் வளர்க்க இயலாது.

2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து 8, 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 என மத்தியப் பிரதேசத்தின் கூனோ தேசியப் பூங்காவுக்குச் சிவிங்கிப்புலிகள் கொண்டுவரப்பட்டன. பழைய கேள்வியும் உடன் வந்தது. 2023 மார்ச்சில் சில விலங்குகள் காட்டில் விடப்பட்டன. சில இறந்தன, ரேடியோ கழுத்துப்பட்டையின் அடியில் புண்ணும் தொற்றும் காணப்பட்டன. ஆகஸ்டில் அனைத்தும் மீண்டும் அடைப்புக்குக் கொண்டுவரப்பட்டன. 2024 டிசம்பரில் இரண்டு ஆண் விலங்குகள் திரும்பவும் காட்டில் விடப்பட்டன. அடைப்பில் நோயைக் கவனிக்க முடிகிறது. ஆனால் தாமாக இரைதேடி வாழும் ஓர் இனம் காட்டில்தான் உருவாக முடியும்.