மேடைத் தமிழில் இரு வழுக்கள்

மேடைப்பேச்சில் காணும் பிழைகளைத் தமிழறியாமையின் விளைவென்று ஒதுக்குவது எளிது. மேடையின் வரலாறு இதற்கு முழுமையாக இடந்தருவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திரு.வி.க. போன்றோரும், 1949இல் தி.மு.க. தோன்றிய பின்னர் அண்ணாவும் அவர்வழி வந்தோரும் எழுத்துத் தமிழை மேடைமொழியாக நிலைபெறச் செய்தனர். வீட்டில் ஒரு தமிழும் ஒலிபெருக்கிமுன் மற்றொரு தமிழும் பேசவேண்டிய நிலையில் நா இடறுவது இயல்பே. ஆயின் இடறல்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல.

‘நான் அரசியல்வாதி அல்ல’, ‘இது நியாயம் அல்ல’ என்பன மேடையில் நாள்தோறும் கேட்பவை. மரபிலக்கணப்படி முன்னது ‘அல்லேன்’ என்றும், பின்னது ‘அன்று’ என்றும் முடிதல் வேண்டும். ‘அல்ல’ பலவின்பாற் படர்க்கைக்கே உரியது. எனினும் ‘உண்டு’ என்னும் சொல்லின் வரலாறு இங்கு நோக்கத்தக்கது. இருதிணைக்கும் பொதுவான வினைகளைத் தொகுக்கும் தொல்காப்பியம் ‘இல்லை’, ‘வேறு’ என்பவற்றைச் சேர்த்து, ‘உண்டு’ என்பதைச் சேர்க்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலோ அதனையும் ஐம்பால் மூவிடத்திற்கும் பொதுவாக்கியது. ஒன்றன்பால் வடிவமாக இருந்தது வழக்காற்றால் பொதுவினையாயிற்று. பவணந்தியார் அதனை வழுவென்று தள்ளாமல் விதியாக ஏற்றார். ‘அல்ல’ செல்வதும் அதே வழியே. அதனைத் திருத்தப் புகுவோர் ‘உண்டு’க்கும் விடை கூறவேண்டியிருக்கும்.

‘நினைவு கூறினார்’ என்பது இவ்வகையினதன்று. உரிய வடிவம் ‘நினைவுகூர்ந்தார்’. கூர்தலாவது மிகுதல், முன்னரே உள்ளதொன்று சிறந்து மேலெழுவதையே தொல்காப்பிய உரியியலும் இச்சொல்லின் பொருளாகக் கொள்ளும். குமரிப் பகுதி போன்ற சில இடங்கள் நீங்கலாகப் பேச்சுத்தமிழில் ரகர றகர வேறுபாடு பெரிதும் மறைந்துவிட்டது. எனவே அருகிய ‘கூர்’ என்னும் வினையைச் செவி பழகிய ‘கூறு’ என்று கொள்கிறது. ‘கூர்ந்தார்’ ‘கூறினார்’ ஆனபின் பிழை ஒலியளவில் நில்லாது வினைத்திரிபையும் பற்றிவிடுகிறது. மனத்துள் நிகழும் செயல் வாயின் செயலாகிறது. சுருக்கெழுத்தாளர் அவ்வாறே எழுத, நாளிதழும் அச்சிட, செவிப்பிழை கண்ணுக்கும் பழகிவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இடர் இங்கேதான். ‘தியாகிகளை நினைவு கூறினார்’ என்னும் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், அமைதியாக நின்று அஞ்சலி செலுத்தியவரும் உரையாற்றியவராகிவிடுவார். ஆண்டுத் துணைநிற்பது இரண்டாம் வேற்றுமை உருபே: கூறுதல் என்னும் வினை செய்தியையன்றி ஆளைச் செயப்படுபொருளாக எளிதில் ஏற்பதில்லை.