தொட்டிக்குக் கணக்கு உண்டு, மண்ணுக்கு இல்லை: எறையூர்ப் பகுதியை முன்வைத்து நிலத்தடி எரிபொருள் தொட்டிகளின் ஒழுங்குமுறை

பெட்ரோல் பங்கில் ஒரு நாளின் கணக்கு டிப் ராடில் தொடங்குகிறது. விற்பனைக்கு முன் பணியாளர் தரையோடு பதிந்த மூடியைத் திறந்து, நுனியில் நீர் காட்டும் பசை தடவிய ராடைத் தொட்டிக்குள் செங்குத்தாக இறக்குகிறார். பசை நிறம் மாறியிருந்தால் அடியில் தண்ணீர் நிற்கிறது. எண்ணெய் நனைத்த கோடு எத்தனையாவது சென்டிமீட்டர் என்று பார்த்து, டிப் சார்ட்டில் அதற்கு நேரே உள்ள லிட்டரைப் பதிவேட்டில் எழுதுகிறார். முந்தைய இருப்பு, வந்த சரக்கு, விற்றது, இப்போதைய இருப்பு. கடைசிக் கட்டத்தில் கூடுதல் அல்லது குறைவு. அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றியதே இக்கட்டுரை. நிலத்தடித் தொட்டி ஒழுகினால் முதலில் அறியக்கூடிய இடம் அதுதான். ஆனால் நம் ஒழுங்குமுறை அதை அந்த நோக்கில் படிப்பதேயில்லை.

எறையூர் என்ற பெயரில் தமிழ்நாட்டில் ஊர்கள் பல. இங்கே குறிப்பது பெரம்பலூர் மாவட்டத்து எறையூர்: பொதுத்துறைச் சர்க்கரை ஆலை உள்ள ஊர். அரவைக் காலத்தில் கரும்பு லாரிகளும் டிராக்டர்களும் வரிசை கட்டி நிற்கும். அண்மை ஆண்டுகளில் சிப்காட் தொழிற்பூங்காவும் காலணித் தொழிற்சாலையும் அங்கே வந்துள்ளன. ஆலை, பூங்கா, பக்கத்தில் திருச்சி–சென்னை நெடுஞ்சாலை என மூன்றுக்கும் டீசல் வேண்டும். டீசல் கூடினால் தொட்டிகளும் கூடும். மாவட்டத்தில் கரிசல் பரவலாக உண்டு. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் அந்த மண் கோடையில் வெடித்து, மழையில் ஊதும். அதற்குள் புதைத்த இரும்புத் தொட்டியும் குழாய் இணைப்புகளும் ஆண்டுதோறும் அந்த இழுப்புக்கு ஆளாகின்றன. ஈரம் காக்கும் களிமண் இரும்பை அரிக்கவும் செய்யும். மேற்கே பச்சைமலைப் பக்கம் கடினப் பாறை. அங்கே நிலத்தடி நீர் பாறை வெடிப்புகள் வழியே ஓடுகிறது. வெடிப்பில் இறங்கிய எண்ணெய் எந்தக் கிணற்றில் தலைகாட்டும் என்று மேலே நின்று சொல்ல முடியாது.

இத்தகைய தொட்டியை அரசு எப்படிப் பார்க்கிறது? விடை அதன் பிறப்பிலேயே இருக்கிறது. பெட்ரோலியச் சட்டம் 1934-இல் இயற்றப்பட்டது. இன்று நடப்பில் உள்ளவை 2002-ஆம் ஆண்டு விதிகள். உரிமம் தருவது நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ, அதாவது பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. 1898-இல் வெடிபொருள் துறையாகத் தொடங்கிய அமைப்பு அது. சட்டம் எண்ணெயைப் பிரிப்பதும் தீப்பற்றும் வெப்பநிலையைக் கொண்டுதான்: 23 டிகிரிக்குக் கீழே பற்றுவது ஏ வகுப்பு, 23 முதல் 65 வரை பி வகுப்பு, அதற்கு மேல் 93 வரை சி வகுப்பு. தொட்டியின் மூச்சுக்குழாய் திறந்த வெளியில் முடிய வேண்டும், அதன் வாயில் கம்பிவலை வேண்டும் என்பவையெல்லாம் தீக்கு எதிரான கட்டளைகள். அவை தேவையானவை. தொட்டியைப் புதைக்கச் சொல்வதற்கும் காரணம் தீதான். மண்ணுக்குள் போனால் மேலே இருப்பவர்களுக்கு ஆபத்து குறைகிறது. ஆனால் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த கசிவு கண்ணுக்கு மறைந்துபோவதும் அதே புதைப்பால்தான். சட்டம் முதல் பயனைக் கணக்கில் எடுத்த அளவுக்கு இரண்டாவது விளைவை எடுக்கவில்லை.

காகிதங்களைப் பார்ப்போம். பங்க் வைக்க முதலில் மாவட்ட நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். 2002 விதிகளின் 144-ஆம் விதி அதைச் சொல்கிறது. விண்ணப்பம் ஆட்சியர் அலுவலகத்தில் சேர்ந்ததும் வருவாய்த்துறை, காவல், தீயணைப்பு, உள்ளாட்சி, நெடுஞ்சாலை என்று பல மேசைகளிலிருந்து அறிக்கை கேட்கப்படுகிறது. கோப்பின் அடியில் கிராம நிர்வாக அலுவலர் தந்த பட்டா நகல், அடங்கல், புலப்படம். சான்று கிடைத்த பிறகு பெசோவுக்கு வரைபடங்களுடன் விண்ணப்பம், பிறகு பதினான்காம் படிவத்தில் உரிமம். அந்த உரிமம் டிசம்பர் 31 என்ற தேதியோடு முடியும். பெரம்பலூர் 1995-இல்தான் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதற்கு முன் இறக்கிய தொட்டி எதுவானாலும் அதன் முதல் கோப்பு திருச்சி ஆட்சியரகத்துக் கோப்பு. தொட்டியின் வயதை அறிய விரும்பும் ஆய்வாளர் இரண்டு ஊர்களின் பதிவறைகளில் தேட வேண்டும்.

இவ்வளவு காகிதத்திலும் மண்ணையும் கிணற்றையும் பற்றி எவரும் கேள்வி கேட்பதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதில் ஒரு மாற்றம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையைத் தொடர்ந்து வந்தவை அவை. பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி பங்க் அமைய வேண்டும். இயலாத இடத்தில் கூடுதல் பாதுகாப்புடன் 30 மீட்டருக்குக் குறையாமல். ஆவி மீட்புக் கருவி பற்றியும் சொல்கின்றன. அதற்கான விற்பனை வரம்பு நகரத்தின் மக்கள்தொகையை வைத்து வகுக்கப்பட்டது. இட விதி புதிய பங்குகளுக்கானது. எறையூர் போன்ற சிற்றூரை ஆவி மீட்பு விதி எட்டாது. ஏற்கெனவே புதைந்திருக்கும் தொட்டிக்கு இட விதியும் எட்டாது.

அப்படியானால் அன்றாடப் பதிவேடு யாருக்காக எழுதப்படுகிறது? கலப்படத்தைப் பிடிக்க. மண்ணெண்ணெய் கலந்தால் இருப்பு கூடும், அடர்த்தி மாறும். அதனால்தான் டேங்கர் லாரி வந்து சரக்கு இறக்குமுன் அடர்த்தி பார்க்கிறார்கள், பதிவு செய்கிறார்கள். எண்ணெய் நிறுவனத்தின் விற்பனை அலுவலர் பதிவேட்டைத் திறந்ததும் தேடுவது கூடுதலைத்தான். குறைவு வந்தால் ஆவியாதல் என்று ஒரு விளக்கம் ஆயத்தமாக இருக்கிறது, அதற்கென்று ஒரு கழிவும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. முத்திரை ஆய்வாளர் வந்து 5 லிட்டர் அளவையில் பிடித்துப் பார்ப்பது வாங்குபவருக்குக் குறையாமல் இருக்கவே. தீ, கலப்படம், அளவு என்ற மூன்று அச்சங்களுக்கும் காவலர் உண்டு. நான்காவதான கசிவுக்காக இந்தப் பதிவேட்டைப் படிக்கும் காவலர் இல்லை.

இதைச் சிறு கணக்கால் காட்ட முடியும். 2 மீட்டர் விட்டம், 6.4 மீட்டர் நீளம் உள்ள படுக்கைத் தொட்டி சுமார் 20,000 லிட்டர் கொள்ளும். பாதி நிறைந்திருக்கும்போது அதன் எண்ணெய் மேற்பரப்பு 12.8 சதுர மீட்டர். ராடில் ஒரு மில்லிமீட்டரைத் தவறாகப் படித்தால் கணக்கில் ஏறத்தாழ 13 லிட்டர் பிழை. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் 1.2 பங்கு விரியும். நெடுஞ்சாலை வெயிலில் வந்த 12,000 லிட்டர், தொட்டியில் இறங்கி 5 டிகிரி குளிர்ந்தால் 72 லிட்டர் காணாமல் போகும், ஒரு துளியும் சிந்தாமலே. இனி ஒரு கசிவை வைத்துப் பாருங்கள். நொடிக்கு ஒரு துளி, ஒரு மில்லிலிட்டருக்கு 30 துளி. நாளுக்கு 2.9 லிட்டர், மாதத்துக்கு 86, ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல். மாதம் 60,000 லிட்டர் விற்கும் பங்கில் ஆவியாதலுக்கு நூற்றுக்கு அரை என்று வைத்தாலும் 300 லிட்டர். அந்த 86 அதற்குள் சத்தமின்றி ஒடுங்கிவிடும்.

ஆகவே ஒரு நாளின் குறைவால் எதையும் நிறுவ முடியாது. பல மாதங்களின் குறைவால் முடியும். ராடைப் படிக்கும் பிழை ஒரு நாள் மேலே போனால் மறுநாள் கீழே வரும். கூட்டிப் பார்த்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆவியாதல் பருவத்தோடு ஏறி இறங்கும். ஒழுகல் மட்டும் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும். 36 மாதக் குறைவுகளைக் கூட்டி ஒரு கோடாக வரைந்தால், கோடு எந்த மாதத்திலிருந்து சரிகிறது என்பது தெரியும். அதற்குப் புதிய கருவி வேண்டாம். பதிவேட்டில் உள்ள எண்களே போதும். அவற்றை மாதக் கணக்கோடு மூடிவிடாமல் தொடர்ந்து கூட்ட ஒருவர் இருந்தால் சரி.

அமெரிக்கா இந்தப் பாதையில் நடந்து அதன் வரம்பையும் கண்ட நாடு. நிலத்தடித் தொட்டிகளுக்கென்றே அங்கே 1984-இல் சட்டப் பிரிவு வந்தது, விதிகள் 1988-இல். அன்றைக்கு இருந்த தொட்டிகள் ஏறத்தாழ 20 லட்சம். அவற்றைச் சீர்படுத்தவோ மாற்றவோ மூடவோ 1998 டிசம்பர் 22 வரை கெடு. அங்கேயும் தினமும் ராடு இறக்கச் சொன்னார்கள், ஆனால் எண்ணெய் மண்ணுக்குப் போகிறதா என்று பார்ப்பதற்காக. மாத வித்தியாசம் விற்பனையின் 1 விழுக்காட்டையும் 130 கேலனையும் கூட்டிய அளவைத் தாண்டக் கூடாது. கசிவு என்று ஐயம் எழுந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நாம் மேலே எடுத்த பங்குக்கு அந்த வரம்பு 600-ஓடு 492 சேர்த்து 1,092 லிட்டர். நம் 86 லிட்டர் துளிக்கசிவு அதற்கும் தப்பும். அவர்களும் இதை அறிந்தே பதிவேட்டு முறையைத் தொட்டிக்கு முதல் பத்தாண்டு மட்டும் அனுமதித்தார்கள், அதுவும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இறுக்கச் சோதனையோடு சேர்த்து. நாம் அந்த வரம்பு எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில் பயனில்லை. எடுக்க வேண்டியது, எண்ணெய் மண்ணுக்குப் போகிறதா என்ற கேள்வியை.

கேள்வி கேட்கப்படாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 2013-இல் சென்னைத் தண்டையார்ப்பேட்டையில் குடியிருப்புகளின் ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்தது. அங்கே ஒழுகியது தொட்டியல்ல. துறைமுகத்திலிருந்து வரும் பாரத் பெட்ரோலியத்தின் குழாய். வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது. மண்ணையும் நீரையும் தூய்மைப்படுத்தும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. எனக்கு அந்த நிகழ்வில் உறைப்பது ஒன்று: புதைந்த எண்ணெய் ஊருக்குத் தெரிந்தது மோட்டார் போட்டவர்களின் மூக்கு வழியாக. மாநகரில் அடுத்தடுத்த வீட்டில் கிணறு இருந்ததால் கசிவு அகப்பட்டது. எறையூர்ப் பக்கத்தில் இரண்டு வயலுக்கு ஒரு கிணறு, அதுவும் பாசனத்துக்கு. முகர்ந்து பார்க்க ஆள் குறைவு.

பென்சீனின் கணக்கையும் சொல்லியாக வேண்டும். பாரத் ஸ்டேஜ் ஆறு தரப் பெட்ரோலில் பென்சீன் 1 விழுக்காடு வரை இருக்கலாம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் அந்த அளவுக்கு நீர்க்க 8 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும்.

இதில் கரும்பும் வந்து சேர்ந்துவிட்டது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. கரும்பு, கழிவுப்பாகு, தானியம் ஆகியவற்றிலிருந்து வரும் எத்தனால் இப்போது நிலத்தடித் தொட்டிக்குள் இருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். மழைநீர் மூடி வழியாகவோ துரு விழுந்த ஓட்டை வழியாகவோ உள்ளே வந்தால் ஓரளவு வரை எண்ணெயில் கரைந்து நிற்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கூடி அடியில் பிரிந்து தங்கும். பங்க்காரர்கள் நீர்ப் பசைக்கு இப்போது தரும் கவனம் இதனால்தான். மண்ணுக்குள் போன பிறகு நேரும் கெடுதல் இதைவிடக் குறைவாகப் பேசப்படுகிறது. நுண்ணுயிர்கள் முதலில் எத்தனாலைத் தின்று மண்ணிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. பென்சீன் சிதையாமல் இன்னும் தொலைவு போகிறது. கலப்பு விகிதத்தை மாற்றியபோதே கசிவு விதியையும் மாற்றியிருக்க வேண்டும். கரும்பு விளைவிக்கும் வட்டாரத்தின் கிணற்றுக்கு அந்த எத்தனால் இந்த வழியாகத் திரும்பி வருவதை ஏற்க முடியாது.

சட்டத்தின் கண்ணுக்கு வெளியே இன்னொரு கூட்டமும் உண்டு. மொத்தம் 2,500 லிட்டருக்கு மேற்படாமல், ஒரு கலத்தில் 1,000 லிட்டருக்கு மேற்படாமல் இருந்தால் பி வகுப்பு எண்ணெயை உரிமமின்றி வைத்துக்கொள்ளலாம். ஜெனரேட்டருக்கும் டிராக்டருக்கும் டீசல் சேர்த்து வைக்கும் இடங்கள் இதில் அடங்கும். தீயை மட்டும் நினைத்தால் இந்த விலக்கு நியாயமானது. கிணற்றை நினைத்தால் அந்த அளவு சிறியதல்ல.

பங்க் நடத்துபவர்கள் காகிதச் சுமை பற்றிச் சொல்லும் குறையை நான் ஏற்கிறேன். பெசோ, வருவாய்த்துறை, எண்ணெய் நிறுவனம், முத்திரை ஆய்வாளர் என ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு. இதற்கு மேல் ஒரு கோப்பைச் சேர்த்தால் அதுவும் நிரப்பப்படும், படிக்கப்படாது. என் வாதம் இருக்கும் கோப்பைப் படிக்க வேண்டும் என்பதே. குறைவுகளைத் தொடர்ந்து கூட்டிய ஒரு வரி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் நிறுவனத்தைத் தாண்டி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஊராட்சிக்கும் போகட்டும். நிறுவனத்திடம் மட்டும் இருக்கும் வரை அது வணிகக் கணக்கு. குறைவை எழுதினால் தன்மேல் பழி வருமோ என்று டீலர் அஞ்சும் நிலையும் மாற வேண்டும். தானாக முன்வந்து சொன்னவருக்குத் தொட்டிச் சோதனை இலவசமாகச் செய்யப்பட வேண்டும். 2025 ஜூலையில் மாசுற்ற இடங்களைக் கையாளும் விதிகள் அறிவிக்கப்பட்டன. ஐயத்துக்குரிய இடங்களைப் பட்டியலிடும் பொறுப்பு அவற்றில் உள்ளூர் நிர்வாகத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் வருகிறது. எதைப் பார்த்துப் பட்டியலிடுவார்கள்? பதிவேட்டின் அந்தக் கடைசிக் கட்டத்தைத் தவிர அவர்களிடம் வேறு முன்னறிவிப்பு இல்லை.

இரண்டாவது வேலை தொட்டி இறங்குமுன் செய்ய வேண்டியது. சுற்றுக் கிணறுகளின் நீரை அன்றைக்கே சோதித்து முடிவைக் கோப்பில் வைத்துவிட்டால், பிற்பாடு எண்ணெய் வாடை வரும்போது அது முன்பே இருந்ததா என்ற வழக்கு எழாது. எந்தக் கிணறுகள் என்று தேடி அலையவும் வேண்டியதில்லை. தடையின்மைச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலர் கொடுக்கும் புலப்படத்தில் கிணறு குறிக்கப்பட்டிருக்கும்; அடங்கலில் பாசன ஆதாரம் எழுதப்பட்டிருக்கும். சிப்காட்டைச் சுற்றி அடுத்து வரப்போகும் பங்குகளின் விண்ணப்பங்களிலும் அந்த இரண்டு தாள்களும் இருக்கும். பக்கத்துப் புல எண்களின் அடங்கலையும் சேர்த்துக் கேட்டு, அந்தக் கிணறுகளில் ஒவ்வொரு புட்டி தண்ணீர் எடுத்து வர ஆட்சியரகம் ஓர் ஆணை போட்டால் போதும்.