கிளான் நதிக்கரையில் ஒரு கிராமம்

பிரான்சில் லிமோஜ் நகரத்துக்குப் பக்கத்தில், கிளான் என்ற சிறிய ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது ஒராதூர்-சுர்-கிளான். விவசாயம், சில கடைகள், ஒரு தேவாலயம், லிமோஜ் போய்வர ஒரு டிராம். இரண்டாம் உலகப்போரின் சத்தம் அதிகம் எட்டாத ஊர்.

1944 ஜூன் 10, சனிக்கிழமை. நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கி நான்கே நாட்கள் ஆகியிருந்தன. மதியம் ஹிட்லரின் எஸ்.எஸ். படையைச் சேர்ந்த 'தாஸ் ரைஷ்' டிவிஷன் சிப்பாய்கள் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். அடையாள அட்டை சோதனை என்று சொல்லி எல்லோரையும் திடலுக்கு வரவழைத்தார்கள். ஆண்களைத் தானியக் கொட்டகைகளில் வைத்துச் சுட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்துக்குள் அடைத்துத் தீ வைத்தார்கள். தேவாலயத்திலிருந்து ஜன்னல் வழியாகக் குதித்து உயிர் பிழைத்தவர் மார்கரித் ரூஃபான்ஷ் என்ற ஒரே ஒரு பெண்மணிதான்! இறந்தவர்கள் 642 பேர் என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது. பிறகு ஸ்பெயினிலிருந்து அகதியாக வந்திருந்த ஒரு மூதாட்டியின் பெயரும் சேர்ந்து 643 ஆனது.

1945-ல் நேரில் வந்து பார்த்த ஜெனரல் டி கோல், இடிபாடுகளை அப்படியே பாதுகாக்க வேண்டும் என்றார். புதிய ஊர் பக்கத்திலேயே கட்டப்பட்டது. கருகிய தையல் மெஷின்களும் துருப்பிடித்த கார்களும் பழைய ஊரிலேயே விடப்பட்டன.

பலரும் அறிந்த கதை இதுவரைதான். ஆனால் ஒராதூரின் இரண்டாவது காயம் 1953-ல் வந்தது, அதுவும் சொந்த நாட்டு அரசிடமிருந்து!

அந்த ஆண்டு போர்தோ நகர ராணுவ நீதிமன்றத்தில் 21 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அவர்களில் 14 பேர் பிரான்சின் அல்சாஸ் பகுதிக்காரர்கள். ஒருவர் தானாகப் படையில் சேர்ந்தவர். மற்ற 13 பேர் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள். 1940-ல் அல்சாஸைப் பிடித்த ஜெர்மனி, 1942 முதல் அங்குள்ள இளைஞர்களைக் கட்டாயமாகத் தன் படைகளில் சேர்த்தது. 'எங்கள் பிள்ளைகளும் பலியானவர்களே' என்றது அல்சாஸ். 'எங்கள் குழந்தைகளைக் கொன்றவர்களுக்கு மன்னிப்பா?' என்றது ஒராதூர். பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. நாடு இரண்டாகப் பிளந்துவிடும் என்று பயந்த நாடாளுமன்றம், ஒரே வாரத்தில் அந்த 13 பேருக்கும் பொதுமன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தது.

ஊர் மக்கள் கொதித்துப் போனார்கள். அரசு கொடுத்த விருதுகளைத் திருப்பி அனுப்பினார்கள். இறந்தவர்களின் சாம்பலை அரசு கட்டிய நினைவிடத்தில் வைக்க மறுத்து, தங்கள் கல்லறைத் தோட்டத்திலேயே வைத்துக்கொண்டார்கள். மன்னிப்புக்கு ஓட்டுப் போட்ட உறுப்பினர்களின் பெயர்களைப் பழைய ஊரின் வாசலில் பலகையில் எழுதி வைத்தார்கள். 1974 வரை ஆண்டு அஞ்சலியில் அரசுப் பிரதிநிதிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

கொட்டகையில் தோழர்களின் உடல்களுக்கு அடியில் கிடந்து தப்பிய ரொபேர் எப்ரா, பின்னாளில் இரு நாட்டு நல்லிணக்கத்துக்காகப் பேசினார். 2013-ல் ஜெர்மனியின் ஜனாதிபதி முதல்முறையாக அங்கே வந்தபோது உடன் நடந்தவர் அவர்தான். படுகொலையில் தப்பியவர்களில் கடைசியாக இருந்த அவரும் 2023-ல் காலமானார்.

இப்போது மழையும் வெயிலும் அந்தச் சுவர்களைக் கரைத்துக்கொண்டிருக்கின்றன. சுவர்களைச் சிமெண்ட் பூசிக் காப்பாற்றலாம். கட்டாயத்தின் பேரில் துப்பாக்கி ஏந்தியவன் செய்த கொலைக்கு யார் பொறுப்பு என்று அந்த ஊர் கேட்ட கேள்விக்கு எந்தச் சட்டம் பதில் சொல்லும்?