மோடும் மொத்தும்

செஞ்சியில் ஒரு கூட்டம். பேச வந்தவர் கோட்டைக்குன்றான ராஜகிரியைக் கைகாட்டி, "இது மோடு. பசிபிக் கடலில் பொலினீசியர் தீவை 'மொத்து' என்கிறார்கள். நம் மோடுதான் கடல் தாண்டிப் போயிருக்கிறது" என்றார். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மோடும் மேடும் உயர்ச்சி குறித்தவை. சுமார் 800 அடி உயர ராஜகிரிக்குப் பொருந்தும். நுக்குவோரோவுக்குப் பொருந்துமா? மைக்குரோனீசிய நாட்டில் தனித்துக் கிடக்கும் பவளத்தீவு வளையம் அது. ஒரு சிறிய பொலினீசிய மொழி அங்கே வழங்குகிறது. வளையத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட திட்டுகள். ஒன்றின் நிலமும் தென்னை உயரம் வராது. அதை மோடு என்று எவர் அழைப்பார்?

மொத்துக்கு அந்த மொழிக் குடும்பத்திலேயே வேர் இருக்கிறது. மாவோரியில் மொத்து என்றால் தீவு. அறுபடுதலும் அதே சொல்தான். அதே குடும்பத்தைச் சேர்ந்த மலாயில் கயிறு அறுந்தால் 'புத்துஸ்' என்பதை மலேசியத் தமிழர் நன்கறிவர். இரண்டிலும் உள்ள வேர் ஒன்றே. அறுபட்டு நிற்பது மொத்து.

நம்மிடம் என்ன இருக்கிறது? தீவு, 'த்வீப' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். 'தீர்வு' என்பதிலிருந்து வந்தது என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. துருத்தியும் அரங்கமும் நம்முடையவை. திருப்பூந்துருத்தியும் திருவரங்கமும் இன்றும் சாட்சி சொல்கின்றன. இரண்டுக்கும் நிகண்டுகள் தரும் பொருள் ஆற்றிடைக்குறை. இந்தக் 'குறை'தான் என் சான்று. குறைத்தல் என்றால் வெட்டுதல். தலை வெட்டுண்ட உடலைக் குறைத்தலை என்றார்கள். ஆறு இரண்டாகப் பிரிந்து அறுத்து ஒதுக்கிய நிலமே குறை. குறுமையால் வந்த பெயர் என்பார்க்குத் திருவரங்கத்தின் பரப்பே விடை.

காவிரிக்கரைக்காரனும் பவளத்தீவுக்காரனும் ஒருவரையொருவர் கண்டதில்லை. நீர் சூழ்ந்த நிலத்தைக் கண்டதும் இருவர் மனத்திலும் எழுந்தது உயரம் அன்று, வெட்டு. மொத்து நம்மிடம் வாங்கிய கடன் அன்று என்பதே என் துணிபு.

ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் பாறை பிளந்து கிடக்கிறது. அகலம் சுமார் 24 அடி, ஆழம் 60 அடி. பாலம் இல்லாவிட்டால் உச்சிக்கோட்டை தனித்துப்போகும். அன்று பேசிய அன்பர் அடுத்த முறை ஏறும்போது உயரத்தை விட்டுவிட்டு, அந்தப் பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்க்கட்டும்.